காலமானவர் பேசுகிறேன்

“அந்தம்மாவோட வீட்டுக்காரர் தவறிட்டாருன்னு நீங்க சொல்லவே இல்லையே?” என்று போனில் கேட்டார் சம்பந்தியாகப் போகிறவர்.

“எந்தம்மாவோட வீட்டுக்காரர்?”

“பொண்ணோட அம்மா. உங்க வீட்டம்மா... அதாவது, அந்த வீட்டம்மா.”

“அவ வீட்டுக்காரர் நான்தாங்க.”

அந்தப் பக்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்கிற இடைவெளி.

“அப்போ செத்தது யாரு?”

சம்பந்தியாகப் போகிறவர் ஓய்வுபெற்ற தணிக்கையாளர். ஆயுசு முழுக்க அடுத்தவன் கணக்கில் ஓட்டை தேடியே பழகிய மனுஷனுக்கு, ஓய்வு பெற்றதும் தேட ஓட்டை கிடைக்காமல் கை நமநம என்று அரித்துக்கொண்டிருந்தது. மகன் ஒரு பெண்ணை விரும்புகிறேன் என்று வந்து நின்றானோ இல்லையோ, அரிப்புக்கு மருந்து கிடைத்தது. மற்றவர்கள் என்றால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். இவர் ‘படிப்பாளி’யிடம் விசாரித்தார்.

படிப்பாளி ஆள் இல்லை, கம்ப்யூட்டர். இணையத்தில் யார் எதை எழுதினாலும் விடாமல் படிக்கும். செய்தி, வம்பு, புலம்பல், செருப்புக்கடை விளம்பரம், எதையும் ஒதுக்காது. படித்ததிலிருந்து தகவல்களைப் பிரித்தெடுத்து வைத்துக்கொண்டு, போனில் யார் கேட்டாலும் சொல்லும். கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொன்னால் கேட்பவனுக்கு மதி வேண்டாமா என்பார்கள். படிப்பாளி சொன்னால் அவனவன் பாத்திரத்தோடு வந்து வரிசையில் நிற்பான். அப்படியொரு மரியாதை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம்மாள் வேலை பார்ப்பதே படிப்பாளியின் கம்பெனியில்தான். அது படித்துப் பிடித்துக்கொண்டு வருகிற தகவல்கள் சரியா தப்பா என்று பார்த்துச் சொல்ல ஒரு மாடி முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஒரு தகவல் வரும். கீழே ‘சரி’ என்று ஒரு பொத்தான், ‘தப்பு’ என்று ஒரு பொத்தான். தப்பு என்று அழுத்தினால் ஏன் தப்பு என்று விளக்கம் எழுத வேண்டும். எதற்கு அந்த வீண் வேலை? நம்மாள் ‘தப்பு’ பொத்தானைத் தொட்டதாக அந்த மாடியில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அதனால் ஆபீஸில் அவருக்கு ‘சரி சார்’ என்று பெயர். அதிவேகச் சரிபார்ப்பாளர் என்று வருஷா வருஷம் கேடயம் வேறு கொடுத்தார்கள்.

“ஏதோ பேர்க் குழப்பம் சார். நாளைக்கு ஆபீஸ் போனதும் முதல் வேலையா மாத்திடறேன்” என்றார் சரி சார்.

“மாத்துங்க. ஞாயித்துக்கிழமை நாங்க பேசி முடிக்க வர்றோம். அதுக்குள்ள நீங்க உயிரோட வந்துடணும்” என்றார் தணிக்கையாளர். “என் வீட்டம்மா என்னமோ இதெல்லாம் ஒரு விஷயமே இல்லங்கறா. அவளுக்கு என்ன தெரியும்? எனக்குக் கணக்கு நேராகணும். நேராகலைன்னா, மன்னிச்சுக்குங்க, கல்யாணம் இல்ல.”

போனை வைத்துவிட்டு சரி சார் சிரித்தார். கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள் சிரிக்கவில்லை.

“அப்பா, அவர் ரெண்டு வருஷமா கெஞ்சிக் கூத்தாடி அவங்கப்பாவைச் சம்மதிக்க வெச்சிருக்காரு. இது கெட்டுப் போச்சுன்னா நான் என்ன ஆவேன்னு எனக்கே தெரியாது.”

“ஏம்மா பயப்படறே? நான் இருக்கேன்ல?”

“அதுதானேப்பா இப்போ பிரச்சினையே.”

சாப்பாட்டு மேஜையில் மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். சிவப்புப் பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள், “அதை அப்படியே விட்டுடுங்களேன். ஞாயித்துக்கிழமை நேர்ல பாத்தா அவங்களுக்கே தெரிஞ்சுடப் போகுது. நீங்க ஒண்ணும் தோண்ட வேண்டாம்.”

“சரி சரி” என்றார் சரி சார். அவள் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

மறுநாள் ஆபீஸில் உட்கார்ந்ததும் மனைவியின் பெயரைத் தட்டினார். வந்தது. பெயர் சரி. பள்ளிக்கூடம் சரி. வேதியியல் சரி. மொட்டை மாடியில் ரோஜா வளர்ப்பவர் என்று இருந்தது; அது இவருக்குப் புதுச் செய்தி. மாடிப்படி ஏறினால் இடது முழங்கால் வலிக்கும் என்று இருந்தது. அதுவும் புதுச் செய்தி. அதற்கும் கீழே, ‘கணவர்: காலமானார். உறுதி: தொண்ணூற்றாறு சதவீதம்.’ கடைசியில் ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் ஒரு எண். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தவர், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

அவருடைய எண்.

சொந்தக் கையாலேயே தன் கதையை முடித்திருக்கிறார். பேயறைந்தவர் போல எழுந்து பிரிவுத் தலைவியிடம் ஓடினார். அவளுக்கு அவர் வயதில் பாதி இருக்கும்.

“மேடம், என் சம்சாரத்தோட தகவல்ல ஒரு தப்பு வந்துடுச்சு. எடுத்துடுங்க.”

அவள் திரையைப் பார்த்தாள். “என்ன தப்பு சார்? நீங்களே சரின்னு அழுத்தியிருக்கீங்க.”

“பாக்காம அழுத்திட்டேன்.”

“வீட்டம்மா பேரைக் கூடவா பாக்கல?”

“வேகத்துல பேரெல்லாம் எங்க மேடம் பாக்கறது? சதவீதத்தைப் பாப்பேன். தொண்ணூறுக்கு மேல இருந்தா அழுத்திடுவேன்.”

“இதையே எழுதிக் கொடுங்க. இப்பவே எடுத்துடலாம்.”

“எழுதிக் கொடுத்தா என்ன ஆகும்?”

“ஒண்ணைப் பாக்காம அழுத்தினவர் மத்ததையும் பாக்காமத்தானே அழுத்தியிருப்பார்? இத்தனை வருஷமா நீங்க சரின்னு சொன்ன அத்தனையையும் திரும்பத் திறக்கணும். நீங்கதான் உக்காந்து ஒவ்வொண்ணாப் படிக்கணும்.”

சரி சார் பின்வாங்கினார். படிப்பதா? பள்ளிக்கூடத்தை விட்டதோடு விட்ட பழக்கம் அது.

“வேற வழி ஒண்ணும் இல்லையா மேடம்?”

“இருக்கு. படிப்பாளி மனுஷங்க சொல்றதைக் கேக்காது. எழுதி வெச்சிருக்கறதைத்தான் கேக்கும். நாலு இடத்துல வேற மாதிரி எழுதியிருந்தா அதுவே மாத்திக்கும். அதுக்கு முன்னாடி, இது எங்கேருந்து வந்துச்சுன்னு பாருங்க சார். பக்கத்துலயே இணைப்பு இருக்கு. அழுத்தினா மூலப் பக்கம் திறக்கும், படிச்சுப் பாக்கலாம்.”

“படிக்கறது மெஷினோட வேலை இல்லையா?” என்று கேட்டுவிட்டு சரி சார் தன் இடத்துக்கு வந்தார். நாலு இடம் என்ற வார்த்தை மட்டும் மனதில் நின்றது.

அன்று மத்தியானம் முழுக்க எழுதினார். மனைவியின் பள்ளிக்கூடத்தைப் பாராட்டும் பக்கத்தில், ‘இங்கே பணிபுரியும் வேதியியல் ஆசிரியையின் கணவர் நல்ல உடல்நலத்துடன் இருக்கிறார்’ என்று தன் பெயரைப் போட்டு எழுதினார். குடியிருப்போர் பக்கத்தில் எழுதினார். பல் டாக்டரைப் பற்றிக் கருத்துச் சொல்லும் இடத்தில் எழுதினார். கடைசியில் இடம் கிடைக்காமல் செருப்புக்கடைப் பக்கத்தில், ‘செருப்பு நன்றாக உழைக்கிறது. வாங்கிக் கொடுத்த மனைவியும் நலம், போட்டு நடக்கும் கணவனும் நலம்’ என்று எழுதினார். இதைவிட ஒரு மனிதன் உயிரோடு இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

படிப்பாளி எல்லாவற்றையும் படித்தது. ஒரு பெண்ணுக்குக் கணவர் இறந்துவிட்டார் என்று உறுதியாகத் தெரியும். அதே பெண்ணுக்கு உயிரோடு ஒரு கணவர் இருப்பதும் இப்போது தெரிகிறது. நீங்களோ நானோ என்ன நினைப்போம்? அதையேதான் அதுவும் நினைத்தது. ‘கணவர்கள்: இருவர். முதல் கணவர் காலமானார். இரண்டாவது கணவர்’ என்று போட்டு இவர் பெயரை எழுதிக்கொண்டது.

சாயங்காலமே தணிக்கையாளர் கூப்பிட்டார்.

“ரெண்டாவது கல்யாணம்னு அப்பவே சொல்லியிருக்கலாமே சார்! எதுக்கு மூடி மறைக்கணும்? நாங்க ஒண்ணும் அந்தக் காலத்து ஆளுங்க இல்ல.”

“ஐயோ சார், அது...”

“ஒரே ஒரு சந்தேகம். பொண்ணு முதல் கணக்கா, ரெண்டாவது கணக்கா?”

“என்ன பேசறீங்க? என் பொண்ணு சார் அவ! எனக்குப் பொறந்தவ!”

“ரொம்ப சந்தோஷம். ஆதாரம்?”

மகள் பக்கத்து அறையிலிருந்து வந்து நின்றாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. அவளுக்கும் போன் வந்திருந்தது.

“எங்கப்பா யாருன்னு அவங்க வீட்ல உக்காந்து விவாதம் பண்றாங்கப்பா. அவர் என்கிட்ட, ‘எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லு, நான் ஏத்துக்கறேன்’ங்கறாரு. எதைப்பா ஏத்துக்கறாரு?”

“ரெண்டு நாள் பொறும்மா.”

“போதும், விட்டுடுங்க” என்றாள் மனைவி. அவள் முகம் வாடியிருந்தது. “நீங்க தொடத் தொட அது பெரிசாகிட்டே போகுது. நான் ஒண்ணு சொல்றேன், கொஞ்சம் உக்காந்து கேளுங்க...”

“சரி சரி. அந்தக் கல்யாண ஆல்பம் எங்க வெச்சிருக்கே?”

அவள் அலமாரியைக் கை காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆல்பத்தை எடுத்துத் தூசி தட்டினார். ஒரு படத்தில் அவள் எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இவரும் சிரித்துக்கொண்டிருந்தார். என்ன ஜோக் என்று ஞாபகம் வரவில்லை. தேதியும் முகமும் தெளிவாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டு அதைப் போனில் படம் எடுத்தார். பிறகு கிடைத்த பக்கத்திலெல்லாம் போட்டு, கீழே எழுதினார்: ‘எங்களுக்கு நடந்தது ஒரே திருமணம். என் மனைவிக்கு ஒரே ஒரு கணவர்தான். இந்தப் படத்தில் இருக்கும் நான்தான் அது. முதலும் கடைசியும் நானே.’

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. படிப்பாளி இதையும் மரியாதையாகப் படித்தது. இந்தப் பெண்ணுக்கு ஒரே கணவர். அந்தக் கணவர் இந்தப் படத்தில் இருப்பவர். அவளுடைய கணவர் இறந்துவிட்டார் என்பது தொண்ணூற்றாறு சதவீதம் நிச்சயம். அப்படியானால் இறந்தவர் யார் என்பதில் இனிமேல் குழப்பமே இல்லை. மறுநாள் காலையில் இவருடைய பெயர், படம், வேலை எல்லாவற்றையும் போட்டு ‘காலமானார்’ என்று எழுதி, உறுதியைத் தொண்ணூற்றொன்பதாக ஏற்றிவிட்டது. கீழே இன்னொரு வரியும் சேர்த்திருந்தது: ‘அந்த வீட்டில் தற்போது வசிக்கும் ஆண் யாரெனத் தெரியவில்லை.’

அது தெரியாமல் சரி சார் விசிலடித்துக்கொண்டே ஆபீஸுக்குப் போனார். வாசல் கதவில் அட்டையைக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. திரும்பக் காட்டினார். திரும்பவும் சிவப்பு. கம்பெனிக்காரர்கள் தங்கள் சரக்கின் மேல் இருந்த பெருமையில் வாசல் கதவையும் படிப்பாளியோடு இணைத்திருந்தார்கள்.

காவலாளி தன் திரையை எட்டிப் பார்த்தார். “ஆழ்ந்த இரங்கல்னு வருது சார்.”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான் சார்.”

“நான் உன் முன்னாடிதானேய்யா நிக்கறேன்!”

“எனக்குத் தெரியுது சார், தினம் பாக்கறேன்ல? கதவுக்குத் தெரியலையே.”

“கையால திறந்து விடேன்.”

“உயிரோட இருக்கறவங்களையே ஒண்ணுக்கு ரெண்டு தடவை கேட்டுத்தான் விடறோம். போனவங்களை உள்ள விட்டேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும் சார். வீட்ல சொல்லி ஆக வேண்டியதைப் பாருங்க.”

சக ஊழியர்கள் அவரைத் தாண்டி உள்ளே போனார்கள். இரண்டு பேர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். மாடியில் அவருடைய நாற்காலியை இன்னொருவர் தள்ளிக்கொண்டு போனது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நல்ல நாற்காலி, பின்னால் சாயும். அதன் மேல் பல பேருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண்.

பிரிவுத் தலைவி கீழே இறங்கி வந்தாள். சரி சார் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

“எழுதிக் கொடுத்துடறேன் மேடம். பாக்காமத்தான் அழுத்தினேன். எல்லாத்தையும் உக்காந்து படிக்கறேன், ஒண்ணு விடாமப் படிக்கறேன். என்னை உயிரோட எடுத்துக்குங்க. பொண்ணு கல்யாணம் நின்னுடும் மேடம்.”

அவளுக்கே பாவமாக இருந்தது. “இப்போ செல்லாது சார். காலமானவர்கிட்ட எப்படிக் கையெழுத்து வாங்கறது?”

“அப்போ நான் என்னதான் பண்றது?”

“முதல்ல எழுதினவங்களே ‘நான் எழுதினது தப்பு’ன்னு எழுதணும். வேற எதுக்கும் இனிமே அசையாது. ஏன்னா, யாரோ ஒரு நாள் போற போக்குல எழுதினது இல்ல சார் இது. பத்து வருஷத்துக்கு மேல ஒரே ஆள் எழுதிட்டே வந்திருக்காங்க. அதனாலதான் படிப்பாளி அவ்வளவு நம்புது.” கொஞ்சம் தயங்கினாள். “நீங்க இன்னுமா அதைப் படிக்கல?”

“பத்து வருஷமாவா? எவன் அவன்?”

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “இணைப்பை உங்க போனுக்கு அனுப்பறேன். வீட்ல போய்த் தனியா உக்காந்து படிங்க. தனியா, சார்.”

தனியாக எதற்கு? சரி சாருக்கு ரத்தம் கொதித்தது. பத்து வருஷமாக ஒருவன் மெனக்கெட்டுத் தன் குடும்பத்தைக் கரித்துக் கொட்டியிருக்கிறான். பதவி உயர்வு கிடைக்காத பழைய சகாவாக இருக்குமா? கல்யாணத்துக்குக் கூப்பிட மறந்த ஒன்றுவிட்ட தம்பியாக இருக்குமா? இவ்வளவு பெரிய எதிரி தனக்கு இருக்கிறான் என்பதில் உள்ளூர ஒரு பெருமை கூட வந்தது. அவனுடைய குட்டை எல்லோர் முன்னிலையிலும் உடைத்தால்தான் கணக்கு நேராகும் என்று முடிவு செய்தார்.

வீட்டு வாசலில் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் நின்றிருந்தார்.

“நீங்க உறவா சார்? படிப்பாளியில பாத்தேன், ரொம்ப வருத்தமான செய்தி. அவரோட கார் நிறுத்தற இடம் இனிமே தேவைப்படாதுன்னு நினைக்கறேன்...”

“நான்தான்யா அவர்!”

“ஓ” என்றார் எதிர்வீட்டுக்காரர். யோசித்துவிட்டு, “அப்போ எப்ப காலியாகும்?” என்று கேட்டார்.

கதவைப் படீரென்று சாத்திவிட்டு உள்ளே வந்தார் சரி சார். “ஆளைப் பிடிச்சுட்டேன்! பத்து வருஷமா ஒரு படுபாவி உன்னை விதவைன்னு எழுதிட்டிருக்கான்.”

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். “படிச்சீங்களா?”

“ஞாயித்துக்கிழமை படிக்கறேன். சம்பந்தி முன்னாடி, சத்தமா.”

“வேண்டாங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், முதல்ல நீங்க மட்டும் படிங்க. இன்னைக்கே, இங்கயே படிங்க. நான் பக்கத்துல இருக்கேன்.”

“சரி சரி” என்றபடி அவர் குளிக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை தணிக்கையாளர் மனைவியோடு வந்தார். பையன் வெளியூரில் வேலையாக இருந்தான். தணிக்கையாளர் சரி சாரின் கையைக் குலுக்கி, கொஞ்சம் அதிக நேரம் பிடித்து வைத்துக்கொண்டார். சூடு இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அவருடைய மனைவி ஒல்லியான, சத்தமே இல்லாத அம்மாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“இவ எதுவும் பேச மாட்டா. எங்க வீட்ல எல்லாம் நான்தான்” என்றார் தணிக்கையாளர். “விஷயத்துக்கு வருவோம். உங்களைக் கண்ணால பாக்கறேன், அது ஒரு ஆதாரம். படிப்பாளி தொண்ணூத்தொம்பது சதவீதம் இல்லங்குது, அது ஒரு ஆதாரம். நான் எதை எடுத்துக்கறது?”

“இப்போ எடுத்துக்கலாம்” என்று சரி சார் போனைக் கையில் எடுத்தார். “துணையை இழந்த பெண்கள் குழுன்னு ஒரு பக்கம் சார். பாவம், புருஷனைப் பறிகொடுத்தவங்க மனசு விட்டு எழுதற இடம். அங்க புகுந்து ஒரு அயோக்கியன் எழுதியிருக்கான். கேளுங்க.”

“என்னங்க, வேண்டாம்” என்று மனைவி எழுந்தாள்.

“நீ உக்காரு” என்று கையைக் காட்டிவிட்டுச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

“‘அவர் எந்த நாளில் போனார் என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் அறுவை சிகிச்சைக்குப் போன அன்றைக்கு இருக்கலாம். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று நர்ஸ் கேட்டாள். யாரும் இல்லை என்றேன். ஆபீஸில் அவருக்குக் கேடயம் கொடுக்கும் நாள் அது.’ பாருங்க சார், கேடயம் வரைக்கும் தெரிஞ்சு வெச்சிருக்கான்!”

மகள் அம்மாவைப் பார்த்தாள். சரி சார் தொடர்ந்து படித்தார்.

“‘அதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டுதான் இருந்தார். நான் எது சொன்னாலும் சரி சரி என்பார். என்ன சொன்னேன் என்று கேட்டால் தெரியாது. ஒரு நாள் வேண்டுமென்றே, அடுப்படியில் தீப்பிடித்துவிட்டது என்று சொன்னேன். சரி சரி என்று பேப்பரைப் புரட்டினார். அன்றைக்கு நான் அழுதேன். செத்துப் போனவருக்காக அழுகிற மாதிரிதான்...’”

குரல் இறங்கிக்கொண்டே வந்து நின்றது. விரலால் பக்கத்தைத் தள்ளிக் கீழே போனார். அங்கே எழுதியவரின் பெயர் இருந்தது. இந்தத் தடவை அவர் பெயரைப் பார்த்தார்.

“நீயா?”

“நான்தான்.”

“நான் குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்கறப்பவா?”

“புருஷன் இருக்கறவ ஒரு கஷ்டத்தைச் சொன்னா, வீட்டுக்காரர்கிட்ட சொல்ல வேண்டியதுதானேன்னு கேப்பாங்க. நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?” அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் குரல் நடுங்கவில்லை. “செத்துட்டாருன்னு எழுதினேன். எல்லாரும் காது கொடுத்துக் கேட்டாங்க. ஆறுதல் சொன்னாங்க. முழங்காலுக்கு மருந்து கூட அவங்கதான் சொன்னாங்க. கூட ஒருத்தர் இருந்துட்டே இல்லாமப் போறது எவ்வளவு கொடுமைன்னு சொல்ல எனக்கு வேற வழி தெரியல. பத்து வருஷமா எழுதினேன். இந்த வீட்ல ஒருத்தரும் எட்டிப் பாக்கல. உங்க மெஷின் ஒண்ணுதான் உக்காந்து ஒரு வரி விடாமப் படிச்சிருக்கு.”

சரி சார் வாயைத் திறந்தார். “சரி...” என்று பாதி வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டார். வேறு வார்த்தை எதுவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மகள் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தணிக்கையாளர் தொண்டையைக் கனைத்தார். கடைசியில் அவருக்கு ஒரு நல்ல ஓட்டை கிடைத்துவிட்டது.

“எனக்கு இப்போ எல்லாம் தெளிவாயிடுச்சு. அங்க இருக்கறவங்க எல்லாம் நிஜமாவே புருஷனை இழந்து தவிக்கறவங்க. அந்தப் புண்ணியவதிங்க நடுவுல போய் உக்காந்து, கல்லு மாதிரி இருக்கற மனுஷனைச் சாகடிச்சு, பத்து வருஷம் அவங்களை ஏமாத்தியிருக்காங்க இந்தம்மா. இவங்க பொண்ணு நாளைக்கு என் மகனை என்ன பண்ணுவான்னு யாருக்குத் தெரியும்? இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம். எழுந்திரு, போகலாம்.”

மகளின் முகம் வெளுத்துவிட்டது. சரி சார் எழுந்து தடுக்கப் போனார். தணிக்கையாளர் வாசல் வரை போய், மனைவி பின்னால் வரவில்லை என்பதை அங்கேதான் கவனித்தார்.

“என்ன உக்காந்திருக்கே? எழுந்திருன்னு சொன்னேன்ல?”

அந்த அம்மாள் காபிக் கோப்பையை மேஜை மேல் வைத்தாள். நாற்காலியின் நுனியிலிருந்து நகர்ந்து, பின்னால் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“நீங்க வந்து உக்காருங்க. அந்தக் குழுவை ஆரம்பிச்சதே நான்தான். அதுல முதல்ல செத்தது நீங்கதான்.”